கேட்டவர் பெயர்

பாஸ்கர் அண்ணனுக்கும், யூசுப் பாய்க்கும், மேரி அக்காவுக்கும்,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை ஆகிவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் மின்சாரம் போய் மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவியர் அண்ணனைப் பற்றி, தன் தம்பியின் நினைவாக, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி மேரி அக்கா கேட்டுப் பதினைந்து நாளாகிறது. அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பகலில் நான்கு தடவை ஆரம்பித்தேன். நான்கு தடவையும் தீபா வந்து மடியில் ஏறிக்கொண்டாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் பயம்.

எழுதப்போகிறேன் என்று செந்திலிடம் சொன்னேன். "எழுது. ஆனா நான் தூங்கினதுக்கு அப்புறம் எழுது" என்றார். இப்போது தூங்குகிறார். தூங்குவது போல் படுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம்.

சேவியர் அண்ணனைப் பற்றி நீங்கள் மூவரும் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் தவறு. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவரைப் புதைத்துவிட்டோம். ஒருவர் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். மூன்றாவது ஆள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செய்தி எங்களுக்கு வந்தது வீட்டுக்காரர் மாமி மூலமாக. எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. கீழே மாமி வீட்டு எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். அந்தச் செவ்வாய்க்கிழமை மாமி மாடிப்படி முழுவதும் ஏறி வந்தார். முட்டிவலிக்காரர். எப்போதும் பாதிப்படியில் நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். முழுதும் ஏறி வருவதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"புவனா, அந்த சாந்தோம்காரர் இருக்காரே, மீன் பிடிக்கறவர். ஆபீஸ்லயே மார்வலி வந்து போய்ட்டாராம்டி" என்றார். "ஒவ்வொரு தரமும் வாசல்ல நின்னு, 'மாமி, மீன் வாசனை கீழ வராது, பிளாஸ்டிக் பையில கட்டிருக்கேன்'னு என்னண்டை சொல்லிட்டுத்தான் மேல ஏறுவார். மீனே தின்னாத என்னண்டை எதுக்கு அனுமதின்னு நினைச்சுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுதான் அவர். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. சனிக்கிழமை தோறும் மீன் பிடிக்கக் கிளம்பும்போது பாஸ்கர் அண்ணன், யூசுப் பாய், செந்தில் மூவரையும் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிறுத்திவைத்து மூன்று கேள்வி கேட்பார். தண்ணீர் யாருடையது? எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது? எது தூண்டிலில் மாட்டினால் திருப்பி விடவேண்டும்? மூன்று பேரும் பதில் சொல்லாமல் யாரும் பஸ் ஏறக் கூடாது. ஒருவர் முழித்தாலும் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பவேண்டும். கல்யாணமான புதிதில், தூண்டிலோடு போன ஒரு மணி நேரத்தில் செந்தில் தூண்டிலோடு திரும்பி வருவார். "உன் புருஷன் கேள்வியில ஃபெயிலு" என்று பாஸ்கர் அண்ணன் தெருவில் நின்று கத்திவிட்டுப் போவார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அவர் கண்ணெதிரே இருந்தால் எனக்குப் போதும்.

அண்ணனை முதலில் எனக்குப் பிடிக்காது. இதை மேரி அக்கா மன்னிக்கவேண்டும். மீனுக்கு எதற்கு இத்தனை கோர்ட்டு கச்சேரி என்று நினைப்பேன். ஒரு நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மூங்கில் பட்டை.

"தங்கச்சி, நீங்க ஸுவாலஜி படிச்சிருக்கீங்களாமே. மடவை எவ்ளோ நீளம் வளந்தா முட்டை வெக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. பரணிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்துத் தேடி, ஏறக்குறைய ஒரு அடி என்றேன். "ஏறக்குறையன்னா ஏறவா, குறையவா?" என்று கேட்டார். ஏற என்றேன். பேனாக்கத்தியால் பட்டையில் ஒரு வெட்டுப் போட்டார். அன்றிலிருந்து அந்த வெட்டுக்கு எட்டாத மடவை எல்லாம் தண்ணீருக்கே திரும்பிப் போயிற்று. அதற்குத் "தங்கச்சி சட்டம்" என்று அவர் பெயர் வைத்ததும், யூசுப் பாய் கையிலிருந்து நழுவிய ஒவ்வொரு மீனுக்கும் என்னைத் திட்டியதும் உங்களுக்குத் தெரியும். பட்டதாரி ஆகி நாலு வருடம் கழித்து, நான் படித்ததை ஒருவர் கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

பாஸ்கர் அண்ணன் ஏர் கன் கொண்டுவந்த மார்கழிக் காலையையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் அன்று பால் வாங்க டீக்கடைப் பக்கம் வந்திருந்தேன். வேளச்சேரிக்கு அப்பால் சதுப்பில் தாரா வாத்து இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துணி சுற்றி ஒரு நீள மூட்டை; சுடும் விசையான குதிரை மட்டும் துணிக்கு வெளியே தெரிந்தது.

"அது இன்னாது?" என்றார் சேவியர் அண்ணன்.

"கொடை."

"குடைக்கு எதுக்குடா குதிரை?"

"இன்னாண்ணே நீ! எங்க நைனா அதே தண்ணில தாரா சுட்டாந்து கொழம்பு வெச்சிக்கீறாரு."

"உங்க நைனா காலத்துல அதுக்கு லைசென்சு குடுத்தாங்க. இப்ப லைசென்சே கெடையாது. சட்டம் மாறிப்போச்சு. உங்க நைனாவுக்கு ரைட்டு, உனக்குத் தப்பு."

"சட்டம் மாறுனது தாராவுக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாதுடா. அதனாலதான் நீ தெரிஞ்சுக்கணும்."

டீக்கடையே சிரித்தது. பாஸ்கர் அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்த மூட்டை திரும்ப வீடு போய்ச் சேரும் வரைக்கும் அண்ணன் பஸ் ஏறவில்லை. பின்னாலேயே நடந்து போய்க் கதவு மூடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

என்னைவிடப் பயந்த ஒரு மனிதரை அன்றுதான் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். "பயப்படறவன் கேட்டுட்டுப் போவான். பயப்படாதவன் போயிட்டுக் கேப்பான். அவ்ளோதான் தங்கச்சி" என்றார்.

இனி, அந்த ஏரி.

செங்கல்பட்டுப் பக்கம் அந்த ஏரிக்கு நீங்கள் போனபோது தீபாவுக்கு ஐந்து மாதம். எங்கே போவதாக இருந்தாலும் அந்த வாரத்தில் ஒரு நாள் அண்ணனே முன்கூட்டிப் போய் ஊராரிடம் கேட்டுவிட்டு வருவார்; நீங்கள் எல்லோரும் அதை அவர் வேலை என்றே விட்டிருந்தீர்கள். அந்த வாரம் அவருக்கு இரட்டை டியூட்டி. யாருக்கும் சொல்லாமல் செந்திலிடம், "புதன்கிழமை நீ போய்க் கேட்டுட்டு வா" என்று அனுப்பினார். யார் குத்தகை எடுத்திருக்கிறார்கள், எந்தக் கரையில் உட்காரலாம், தூண்டில் போடக் கூடாத நாள் எது, இப்படிக் கேட்கவேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்.

செவ்வாய் ராத்திரி தீபாவுக்குக் காய்ச்சல். புதன் காலையில் செந்தில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நான் போகவிடவில்லை. ஒரு ஏரியில் தூண்டில் போட இவ்வளவு தூரம் போய்க் கேட்கவேண்டுமா, கேட்டால் சரி என்றுதானே சொல்லப்போகிறார்கள் என்றேன். அவர் தயங்கினார். "அண்ணன் கேப்பாரே" என்றார். "கேட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

இதைச் சொன்னது நான். செந்தில் இல்லை.

வியாழக்கிழமை அவர் தபால் ஆபீசுக்கு ஃபோன் செய்து, கேட்டுவிட்டேன், சரி என்றார்கள் என்று சொன்னார். சனிக்கிழமை நால்வரும் கிளம்பினீர்கள்.

ஐந்து மணிக்கு வரவேண்டியவர் ஆறுக்கும் வரவில்லை. ஆறரைக்கு மாமியிடம் போய் ஃபோன் வந்ததா என்று கேட்டேன். ஏழுக்கும் கேட்டேன். குழந்தை உடம்பு மறுபடி சுட ஆரம்பித்திருந்தது. போலீசுக்குச் சொல்லலாம் என்றால் எந்த ஏரி என்று கேட்பார்களே, அந்த ஏரியின் பெயர் எனக்குத் தெரியாது. என் புருஷன் போன இடத்தின் பெயரே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. போகாமல் தடுக்கத் தெரிந்த எனக்கு, எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. தீபாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து சாந்தோமுக்கு வந்தேன்.

மேரி அக்காவுக்கு நினைவிருக்கும். மாதா சுரூபத்துக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். "தம்பி எப்பவும் எழுதி வெச்சிட்டுத்தாம்மா போவான். என் கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல, நீயே படி கண்ணு" என்றார்.

படித்தேன். ஏரியின் பெயர். பஸ் நம்பர். இறங்கும் இடம். திரும்பும் நேரம் ஐந்து. இவ்வளவும் சத்தமாகப் படித்தேன். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. "கேட்டவர்: செந்தில்." அந்த வரியை நான் படிக்கவில்லை.

சீட்டை மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா, நீங்கள் மறுநாள் அதைத் தேடினீர்கள். காற்றில் பறந்திருக்கும் என்று சொன்னேன். பறக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு மூன்று பேர் வாசலில் வந்து நின்றீர்கள். நான்கு பேரில்லை. "என் தம்பி எங்க?" என்று அக்கா கேட்டார். யூசுப் பாய்தான் சொன்னார். நீங்கள் சொன்னதை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு கழி நட்டு அதில் வைக்கோல் பிரியும் வேப்பிலையும் கட்டியிருந்தார்களாம். சேவியர் அண்ணன் அதன் முன்னால் நின்று, "இது இன்னாது?" என்றாராம். "மாரியாத்தாவுக்கு நேந்துக்கினு கட்டியிருப்பாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு பாஸ்கர் அண்ணன் சாப்பாட்டுப் பையை அதிலேயே மாட்டினாராம். அண்ணன் திரும்பிச் செந்திலைப் பார்த்தார். செந்தில் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்; செந்தில்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

அது வேண்டுதல் இல்லை. ஏரியை அடைத்துவிட்டோம், மொத்தமாக வலை போடும் நாள் வரை யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பதற்கு அந்த ஊரில் வைக்கிற அடையாளம். மறுநாள் காலை வலை. பஸ்ஸில் போய் இறங்குகிற பட்டணத்து ஆள்தான் அதில் டிபன் பையை மாட்டுவான்.

பத்துப் பதினைந்து பேர் வந்து தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்தது ஒரு அம்மா. "உங்க ஊட்டுக்குள்ள பூந்து அடுப்புல இருக்கிற சட்டியை நான் எடுத்துக்கினு போனா உட்ருவீங்களா?" என்று கேட்டார். பிறகு, "யாரைக் கேட்டுடா வந்தீங்க?" என்றார்.

செந்தில் வாயைத் திறப்பதற்குள் சேவியர் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "நான்தாம்மா இட்டாந்தேன். கேக்கணும்னு தெரியும். கேக்காம வந்துட்டேன்."

"தெரிஞ்சேவா வந்த?"

"தெரிஞ்சேதாம்மா."

"அப்ப எல்லாரும் இருங்க. அடைப்பு மீறுனவன் வலை இழுக்கணும், அதான் இந்த ஊர் வழக்கம். நாலு பேரும் இழுக்கணும்."

"இவனுக்குக் கைக்குழந்தை, காய்ச்சல். அவங்களை உட்ருங்க. நாலு ஆள் வேலையை நான் செய்றேன்."

அந்தக் காய்ச்சலைப் பற்றி அவரிடம் செந்தில் சொன்னதே அன்று காலை பஸ்ஸில்தான்.

மறுநாள் மத்தியானம் சேவியர் அண்ணன் தன் வீட்டுக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் வலைக்கயிறு அறுத்துப் பிளந்திருந்தன. மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "குழந்தைக்கு எப்படி இருக்கு?" என்றார். நான் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டேன்னு சொல்லிடுங்க என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விலாசம் எழுதாத கடுதாசியெல்லாம் எங்க மேஜைக்குத்தான் வரும் தங்கச்சி. யாரோ ஒருத்தர் பிரிச்சுப் பாக்கணும். அதுல கோவம் இன்னா இருக்கு?" என்றார்.

பாஸ்கர் அண்ணனிடமும் யூசுப் பாயிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். இப்ப சொன்னா, இனிமே செந்திலை நம்பி யாரும் ஒரு இடத்துக்கு அனுப்பமாட்டாங்க. நான் அனுப்பணும்னு இருக்கேன்."

அனுப்பினார். இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் போன இடங்களில் பாதிக்கு முன்கூட்டிப் போய்க் கேட்டுவந்தது செந்தில்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அண்ணன் அதையும் வெளியே சொல்லவில்லை. நீங்கள் மட்டும் அந்த ஏரியைச் சொல்லி அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தீர்கள். "சட்டப் புத்தகத்துல ஒரு பக்கம் கிழிஞ்சுபோச்சு" என்று பாஸ்கர் அண்ணன் சொல்லும்போதெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார். செந்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அடக்கத்தன்று கல்லறையில் நின்றுகொண்டு, "பாவம், ஒரே ஒரு வாட்டிதான் தப்பு பண்ணாரு" என்று நீங்கள் அழுதீர்கள் அண்ணா. எனக்கு அங்கேயே கத்தவேண்டும் போல் இருந்தது. அந்த ஒரு தடவையும் அவர் தப்புச் செய்யவில்லை. புத்தகம் முழுசாகத்தான் இருந்தது. கிழித்தது நான்.

அந்த ஏரிக்குப் பிறகு டீக்கடையில் நான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்ததை நீங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. "எங்க போறேன்னு, எப்ப வருவேன்னு வீட்ல சொன்னியா?" செந்தில் அன்றிலிருந்து இடத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் காலண்டர் ஆணியில் குத்திவிட்டுத்தான் போகிறார். அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கேள்விதான். மூங்கில் பட்டை மேரி அக்காவிடமே இருக்கட்டும். கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். தீபா பக்கத்து வீட்டுக்கு விளையாடக் கிளம்பினாலும் கேட்கிறேன். அவளுக்கு இன்னும் சரியாகப் பேச வரவில்லை. விரலை நீட்டிக் காட்டுகிறாள். போதும்.

கடைசியாக ஒன்று. அதனால்தான் இதை விடிவதற்குள் முடிக்கவேண்டியிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அண்ணன் நினைவாக, கோவளம் போகும் வழியில் இருக்கும் உப்பங்கழிக்கு பாஸ்கர் அண்ணனும் யூசுப் பாயும் செந்திலும் போவதாக இருக்கிறது. அவர் இறந்த வாரத்துக்கென்று எழுதி மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்திருந்த சீட்டில் அந்த இடம்தான் இருந்தது. போன ஞாயிறு மேரி அக்கா அதை எனக்குக் காட்டினார். இடம் இருக்கிறது. பஸ் நம்பர் இருக்கிறது. திரும்பும் நேரம் நான்கு. "கேட்டவர்" என்று எழுதி, அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. "அண்ணன் கேட்டிருப்பாரு, உடுப்பா" என்று பாஸ்கர் அண்ணன் செந்திலிடம் சொன்னாராம். கேட்டிருந்தால் எழுதியிருப்பார். கேட்காமல் எழுதுகிற கை இல்லை அது. அந்த இடத்துக் குப்பத்தில் இப்போது எந்தப் பக்கம் வலை கட்டியிருக்கிறார்கள், எது யாருடைய முறை, வெளியாள் உட்காரலாமா என்று நமக்கு யாருக்கும் தெரியாது.

செந்தில் போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அன்றைக்குத் தடுத்தது நான். இன்றைக்குப் போகவேண்டியதும் நான்தான். புதன்கிழமை காலை தீபாவை மாமியிடம் விட்டுவிட்டு, குப்பத்துப் பெரியவர்களை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு, மூன்று மணிக்குள் திரும்பிவிடுவேன். அவர்கள் கூடாது என்று சொன்னால், கூடாது என்றுதான் வந்து சொல்வேன்.

நான் உங்கள் குழுவில் இல்லை. ஒரு தடவை பொய் சொல்லச் சொன்னவள். அதனால் அந்தச் சீட்டில் காலியாக இருக்கும் இடத்தில் என் பெயரை எழுத உங்கள் சம்மதம் வேண்டும். எழுதலாமா, கூடாதா என்று செவ்வாய்க்கிழமைக்குள் மாமி வீட்டு எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது ஒரு கார்டு போடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

புவனா
மந்தைவெளி